வெள்ளைத் துணியும் வீரப்பாவின் சிரிப்பும்

இரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர். கப்பலேறி வந்த கதை, கங்காணி முறை, சப்பானியர் ஆட்சியில் சயாம் இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட கொடுமை, தொழிற்சங்கம் தோன்றிய வரலாறு ஆகியவற்றை அவர்கள் எழுதி வைத்துள்ளனர். எழுதப்படாமல் எஞ்சி நிற்பதும் நிறைய உண்டு. பகல் முழுதும் பால்மரத்தோடு பாடுபட்ட மக்கள் இரவில் எதைக் கண்டு மகிழ்ந்தனர், எவரைக் கண்டு வெகுண்டனர், எவரைப் போலப் பேசிப் பார்த்தனர் என்பதும் அவ்வரலாற்றைச் சேர்ந்ததே. அதன் ஒரு சிறு பகுதியை, நான் பிறந்து வளர்ந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டப்புறத்தை முன்வைத்து, இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன்.

கதாநாயகரைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. எம்.ஜி.ஆர். என்னும் மூன்றெழுத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை அடுக்கினால் எங்கள் பள்ளி நூலகத்தின் ஒரு சுவர் நிறையும். அவரை எதிர்த்து நின்று, சூழ்ச்சி செய்து, இறுதியில் அவர் வாளுக்கு இரையாகிக் கீழே விழுந்தவர்களைப் பற்றியும், அவரை வளர்த்த ஏழைப் பெற்றோராகவும் அவருக்குத் துணைபோன கோமாளியாகவும் வந்தவர்களைப் பற்றியுமே எழுத விரும்புகிறேன். சுவரொட்டியில் அவர்கள் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். எங்கள் தோட்டத்தில் அப்பெயர்கள் பெரியவை.

ரந்தாவ் பட்டணத்திற்கு அப்பால் இருந்தது எங்கள் தோட்டம். எழுபதுகளின் நடுப்பகுதியில், சம்பளம் போட்ட வாரத்தின் சனிக்கிழமையில் பெரும்பாலும் படம் உண்டு. மாலையிலேயே திடலில் இரண்டு கம்பங்கள் நடப்பட்டு, அவற்றின் இடையே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டப்படும். 16 மில்லிமீட்டர் படச்சுருளை ஓட்டும் கருவி ஒன்றுதான். எனவே ஒரு சுருள் முடிந்து மறு சுருள் ஏற்றும் வரை திடலில் இருள் சூழ்ந்திருக்கும். அந்த இடைவேளைகளில் நிலக்கடலை விற்போர் குரல் ஒருபுறம். வாலிபர்கள் முன் காட்சியின் வசனத்தைச் சொல்லிப் பார்க்கும் குரல் மறுபுறம். பாய் விரிக்க இடம் கிடைக்காதோர் துணியின் பின்புறம் போய் அமர்வர். அவர்களுக்கு எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரியும்; எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் சுழற்றுவார். எழுத்தறியாத பாட்டிமார் பலர் பின்புறத்தையே விரும்பினர். கூட்டம் குறைவு, புகையும் குறைவு.

இத்தகைய திறந்தவெளிக் காட்சி தோட்டங்களுக்குப் புதிதன்று. 1946இல் மலாயா திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. அவசரகாலம் நிலவிய 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் அரசாங்கச் செய்தி வண்டிகள் தோட்டந்தோறும் சென்று, மலேரியாவை ஒழிப்பது பற்றியும் காட்டுக்குள் இருந்தோருக்கு உணவு கொடுக்கலாகாது என்பது பற்றியும் படங்காட்டின. மக்கள் அவற்றையும் அமைதியாக இருந்து பார்த்தனர். அடுத்து ஏதேனும் கதைப்படம் வருமா என்ற நம்பிக்கைதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பர். தமிழ்ப் படங்கள் சிரம்பான் பட்டணத்துக் கொட்டகைகளில் முதலில் ஓடும். தீபாவளிக்குத் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே சென்று பார்த்து வருவோர் உண்டு. பிறகு சில ஆண்டுகள் கழித்து, கீறல் விழுந்த சுருளாக அதே படம் தோட்டத்துத் திடலுக்கு வரும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கண்டவையெல்லாம் எங்கள் தந்தையர் வாலிபராயிருந்தபோது வெளிவந்த படங்களே. அதனால் அடுத்த காட்சியில் என்ன நடக்கும் என்பது திடலில் பாதிப்பேருக்கு முன்னரே தெரியும். தெரிந்தும் பதறினார்கள் என்பதுதான் வியப்பு.

ஒன்றை நான் சிறுவயதிலேயே கவனித்திருக்கிறேன். எம்.ஜி.ஆர். தோன்றியதும் சீழ்க்கை ஒலி வானைப் பிளக்கும். நம்பியாரோ வீரப்பாவோ தோன்றினால் பாட்டிமார் மண்ணை வாரித் தூற்றுவர். ஆனால் படம் முடிந்து, விளக்கில்லாத மண்சாலையில் லயத்தை நோக்கி நடக்கும்போது, இருட்டில் எவனாவது ஒருவன் எழுப்பும் ஒலி எது? பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பு. கதாநாயகரைப் போலப் பாட ஒருவனும் துணியவில்லை, டி.எம்.சௌந்தரராசனின் குரல் எவருக்கு வரும்? வில்லனின் சிரிப்போ எவருக்கும் வரும். வராவிட்டாலும் முயன்று பார்க்கலாம்.

இந்தத் துணை நடிகர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதை அறிந்தால்தான் அவர்தம் திறம் விளங்கும். தமிழ் நாடக மேடையில் வேடங்களுக்கென்று வகுப்புகள் இருந்தன: இராசபார்ட், இஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். கள்ளபார்ட் என்பது இழிந்த வேடமாக எண்ணப்படவில்லை. நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) தாமே எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் ஆகிய வேடங்களைப் புனைந்தவர். சனீசுவரன் வேடத்தில் அவரைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி நடுங்கிக் கருச்சிதைவுற்றாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டொழித்தார் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. தமிழ் நாடகத்தின் பெருந்தந்தை ஒருவர் கொடிய வேடங்களாலேயே நினைக்கப்படுகிறார் என்பது எண்ணத்தக்கது.

அவர் வழிவந்த பாலர் நாடகக் குழுக்களே பின்னாளில் திரைப்படத்திற்கு நடிகர்களைத் தந்தன. மஞ்சேரி நாராயணன் நம்பியார் தம் 13ஆம் வயதில் நவாப் இராசமாணிக்கம் பிள்ளையின் குழுவில் சேர்ந்தவர். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். குழுவில் சேர்ந்த பையனுக்கு எந்த வேடம் என்பதை அவன் விருப்பம் தீர்மானிப்பதில்லை. குரலும் உயரமும் வாத்தியாரும் தீர்மானிப்பர். நாயகனும் எதிரியும் ஒரே பாயில் படுத்து, ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்ந்தவர்கள். திரையில் அவர்கள் மோதும்போது காணப்படும் அந்த ஒத்திசைவு இத்தகைய வளர்ப்பினால் வந்தது என்றே கருதுகிறேன்.

நாயகரும் ஒருகாலத்தில் துணை நடிகரே என்பதை இளைய தலைமுறை அறியாது. எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா ஆகிய மூவரும் ஒரே படத்தில்தான் திரைக்கு அறிமுகமாயினர். எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' (1936) அப்படம். நாயகர் எம்.கே.இராதா. கதைப்படி அந்நாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கிறான். தோட்டத் தொழிலாளியின் பாடு தமிழ்த்திரையில் இடம்பெற்ற அப்படத்தில், சிறு வேடமொன்றில் காவல் அதிகாரியாக வந்து போனவர்தான் பின்னாளைய புரட்சி நடிகர். அதன்பின் 'ராஜகுமாரி' (1947) வரும் வரை பதினோராண்டுகள் அவர் பிறருக்குத் துணையாக நின்றார். துணை நடிகரின் அருமையை அவர் நன்கறிந்திருந்தமைக்கு இதுவே காரணமாகலாம்.

அதற்குச் சான்று 'நாடோடி மன்னன்'. 1958 ஆகஸ்டு 22ஆம் நாள் வெளிவந்த இப்படத்தை எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து, தாமே இயக்கி, இரட்டை வேடமும் ஏற்றார். வென்றால் தாம் மன்னன், தோற்றால் நாடோடி என்று அவர் கூறியதாகச் சொல்வார்கள். உடைமை முழுவதையும் பணயம் வைத்தவர் தம்மைச் சுற்றி எளிய நடிகர்களை நிறுத்தித் தாம் மட்டும் ஒளிர்ந்திருக்கலாம். அவரோ தம்மை விழுங்கிவிடக் கூடியவர்களையே அழைத்தார். இராசகுருவாக வீரப்பா, பிங்கலனாக நம்பியார், மதனாவாக பானுமதி, மனோகரியாக எம்.என்.இராசம், சகாயமாக சந்திரபாபு, கார்மேகமாக உடன்பிறந்த அண்ணன் எம்.ஜி.சக்கரபாணி. முற்பகுதி கருப்பு வெள்ளையிலும் பிற்பகுதி வண்ணத்திலும் அமைந்தது. வண்ணம் வந்தவுடன் திடலில் எழும் ஆரவாரத்தை இன்றும் என் செவி மறக்கவில்லை. அந்த வண்ணப்பகுதியில்தான் சரோசாதேவி வருவார்.

மன்னனுக்கு மாற்றாக உருவம் ஒத்த ஒருவன் அரியணையில் அமர்வது இப்படத்தின் கரு. அந்தோனி ஓப் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1894இல் எழுதிய 'செண்டாவின் கைதி' என்னும் புதினத்தின் சாயல் இதில் உண்டு. ஆயினும் தோட்டத்து மக்கள் அதில் கண்டது வேறு. மார்த்தாண்ட மன்னன் கெட்டவனல்லன். அவனுக்கு நாட்டு நடப்பே தெரியாது. அவன் பெயரால் ஆள்பவர் இராசகுரு. இராசகுருவின் சொல்லைச் செயலாக்குபவன் பிங்கலன். தோட்டத்திலும் அப்படித்தானே! உரிமையாளர்கள் இலண்டனில் இருந்தனர். அவர்களை எவரும் கண்டதில்லை. நெகிரி செம்பிலானில் பல தோட்டங்களை நடத்திய கத்திரி நிறுவனத்தின் உரிமை 1981இல் பங்குச் சந்தையின் வழியாகக் கோலாலம்பூருக்கு வந்தபோதுகூட, பால் வெட்டச் சென்றவர் அதைச் செய்தித்தாளில்தான் அறிந்தார். தொழிலாளி நாள்தோறும் கண்டது துரையை, துரைக்கும் முன்னால் கிராணியை, கிராணிக்கும் முன்னால் மண்டோரை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டவர் மண்டோர். பால் எடை குறைவு என்று எழுதியவர் கிராணி. அரசனை மன்னித்து இராசகுருவைத் தூற்றும் அந்தக் கதை அவர்களுக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. தெரிந்ததையே காட்டியது. அதனால்தான் வில்லன் நடிகர்களின் ஒவ்வோர் அசைவையும் அவர்கள் அத்துணைக் கூர்மையாகக் கவனித்தனர். கிராணியார் தலையை ஆட்டுவது நம்பியாரைப் போல் இருக்கிறது என்று எங்கள் லயத்துப் பெண்கள் பேசிக்கொள்வர்; நம்பியார் கிராணியாரைப் போல் இருக்கிறார் என்று ஒருத்தி திருத்துவாள்.

வீரப்பாவும் நம்பியாரும் ஒரே படத்தில் தோன்றும்போது இருவரின் வேறுபாட்டைக் காண வேண்டும். காங்கேயத்தில் 1911இல் பிறந்த வீரப்பாவின் கருவி குரல். மேடையில் ஒலிபெருக்கி இல்லாத காலத்துக் குரல் அது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய குரல். அவர் சிரிப்புக்கு உலகறிந்த பெயர் உண்டு. தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் எள்ளலையும் ஒன்றாக வைத்தார். அந்த எள்ளல் நகைக்கு இலக்கியம் காட்டச் சொன்னால் மாணவர்க்கு நான் வீரப்பாவைத்தான் காட்டுவேன். 'மகாதேவி' (1957) படத்தில் கருணாகரனாக அவர் பேசிய வசனம் ஒன்று, காதலில் தோற்ற எங்கள் தோட்டத்து இளைஞர் எல்லாருடைய வாயிலும் இருந்தது. படத்தின் நாயகன் பேசிய வசனம் ஒன்றாவது நினைவில் இருக்கிறதா என்று அவர்களைக் கேட்டால் விழிப்பர்.

நம்பியாரின் முறை வேறு. அவர் குரலை அடக்குவார். கையைப் பிசைவார், கழுத்தைச் சற்றே சாய்ப்பார், கண்ணின் கருவிழி ஓரத்திற்குச் செல்லும். அவ்வளவுதான், அடுத்துக் கேடு வருகிறது என்பது திடலுக்கே தெரிந்துவிடும். 'மந்திரி குமாரி' (1950) வந்தபோது அவருக்கு வயது 31. அதில் வளர்ந்த மகனுக்குத் தந்தையான இராசகுரு வேடம். மகனாக நடித்தவர் எஸ்.ஏ.நடராசன், கொள்ளைக்காரனாகிய பார்த்திபன். படத்தின் நாயகர் எம்.ஜி.ஆர். எனினும், அப்படத்தைப் பார்த்துவிட்டு வருவோர் இராசகுருவையும் பார்த்திபனையும் பற்றியே பேசுவர். அதே ஆண்டில் 'திகம்பர சாமியார்' படத்தில் நம்பியாரே நாயகராகிப் பல மாறுவேடங்களில் தோன்றினார். நாயகராகவே தொடர்ந்திருக்கலாம், ஆனால் காலம் அவரை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தியது. அதற்காக அவர் முகஞ்சுளித்ததாகத் தெரியவில்லை. மது அருந்தாதவர், புலால் உண்ணாதவர், ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலையிட்டுப் பலரையும் அழைத்துச் சென்ற குருசாமி. திரையில் அவர் செய்யாத கொடுமையில்லை. இச்செய்தியை எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருத்திக்கு நான் எடுத்துச் சொன்னபோது, "அத்தனை பாவத்தையும் கழுவ வேண்டாமா?" என்றாள். நடிப்புக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அஞ்சி ஒடுங்கும் இராமுவாகவும் அஞ்சாத இளங்கோவாகவும் எம்.ஜி.ஆர். இரு வேடம் ஏற்றார். கசேந்திரனாக வரும் நம்பியார் கையில் சவுக்கு. பின்னர் அச்சவுக்கு இளங்கோவின் கைக்கு மாறும்போது திடலே எழுந்து நிற்கும். ஆனால் எழுந்து நிற்கும் அந்த எழுச்சியைச் சேமித்துக் கொடுத்தவர் யார்? முற்பகுதி முழுவதும் சவுக்கை ஓங்கி ஓங்கி எங்களுக்கு வெறுப்பேற்றிய நம்பியார்தான். எங்கள் முன்னோர் பிரம்படி பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தோருக்கு அச்சவுக்கு வெறும் நாடகப் பொருளன்று. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின் நிலைமை மாறியது உண்மை. நினைவு அத்துணை விரைவில் மாறுவதில்லை. 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தில் அடிமைகளாகத் தீவுக்கு விற்கப்பட்டோர் கடற்கொள்ளையரோடு சேரும் கதையும் அவ்வாறே தைத்தது. அதில் கொள்ளையர் தலைவராக வந்தவர் நம்பியார்; உடன் நடித்த ஆர்.எஸ்.மனோகர், மேடையில் இலங்கேசுவரனாக நின்று இராவணனுக்குப் பெருமை தேடித் தந்தவர். அவர் நிற்கும் நிலையே ஒரு பாடம்.

துணை நடிகர் என்றால் வில்லன் மட்டுமல்லர். 'மலைக்கள்ளன்' (1954) படத்தில் கள்ளனைத் தேடி அலையும் காவல் அதிகாரியாக சக்கரபாணி வருவார். தம்பி முகமூடியணிந்து ஏமாற்ற, அண்ணன் தேடிக்கொண்டேயிருப்பார். உறவை அறிந்த திடலுக்கு அது இரட்டிப்பு நகை. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் புதினத்தைத் தழுவிய அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

எல்லாவற்றிலும் என் உள்ளத்தைத் தொட்டது 'மதுரை வீரன்' (1956). மதுரை வீரன் எங்கள் தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கும் தெய்வம். அத்தெய்வத்தின் கதை படமாகத் திடலுக்கு வந்தபோது, திரைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றியவர்களும் இருந்தனர். காட்டில் விடப்பட்ட அரசகுமாரனை எடுத்து வளர்க்கும் செருப்புத் தைக்கும் தம்பதியராக என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நடித்தனர். சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட இருவர், இப்படத்தில் சிரிக்க வைத்துக்கொண்டே பிள்ளைமேல் வைத்த பாசத்தையும் காட்டிவிடுவர். எங்கள் தோட்டத்தில் சாதி வேற்றுமை இல்லாமலில்லை. கடைசி லயத்தில் குடியிருந்தோர் திருவிழாவிலும் கடைசியில்தான் நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் குடிசைச் சொற்களைப் பேசும் ஒரு தாய்தந்தையர், கலைவாணரின் உருவில், தெய்வத்தையே மடியில் வைத்து வளர்ப்பதைக் கண்டபோது அவர்தம் முகம் எப்படியிருந்தது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அன்றிரவு அவர்கள் எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேசவில்லை. கலைவாணர் 1957 ஆகஸ்டில் மறைந்தார். அப்படத்தில் நரசப்பனாக வந்த டி.எஸ்.பாலையாவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். கோழையின் அகந்தையை அவரளவுக்குக் காட்டியவர் வேறெவரும் இலர்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய சொந்தச் செய்தியைச் சொல்லுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழாவின் மூன்றாம் இரவு நாடகம் நடக்கும். பெரும்பாலும் அரச நாடகம். படங்களில் கண்டதையும் கேட்டதையும் கலந்து எவராவது எழுதுவது. நாயகன் வேடம் அலுவலகத்தில் வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைக்கோ சிவந்த மேனியுடைய இளைஞனுக்கோ போகும். இராசகுரு வேடம் என் தந்தைக்கு. அவர் பால் வெட்டுபவர். கருத்த, உயர்ந்த மனிதர். மரங்களுக்கிடையே ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பழகிய குரல். 1958இன் இறுதியிலோ அடுத்த ஆண்டிலோ, சிரம்பானில் 'நாடோடி மன்னன்' படத்தை அடுத்தடுத்துப் பலமுறை பார்த்ததாகச் சொல்வார். எம்.ஜி.ஆருக்காகவா என்று கேட்டால் விடை சொல்ல மாட்டார்.

எனக்கு அப்போது வயது பத்து இருக்கலாம். ஆண்டுதோறும் ஊர் முழுதும் பார்க்க என் தந்தை தோற்றார். அட்டைக்கு வெள்ளித்தாள் ஒட்டிய வாளால் குத்துண்டு விழுந்தார். மறுநாள் பள்ளியில் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு அவர் விழுந்தது போல் விழுந்து காட்டுவர். நாயகனாக நடித்தவரின் தம்பி என் வகுப்பில்தான் படித்தான். ஓராண்டு நான் வயிற்றுவலி என்று பொய் சொல்லி நாடகத்திற்குப் போகவில்லை. லயத்து அறையில் படுத்துக் கிடந்தேன். திடலிலிருந்து என் தந்தையின் சிரிப்பு மட்டும் மரங்களைக் கடந்து வந்தது; அதைத் தொடர்ந்து சிறு குழந்தைகளின் அழுகுரலும். விடியற்காலையில், முகத்தில் அரிதாரம் முழுதும் போகாத நிலையில், அவர் விளக்கை மாட்டிக்கொண்டு மரம் வெட்டக் கிளம்பினார். நான் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நலமாயிருக்கும் என்று பின்னாளில் எத்தனையோ முறை எண்ணியதுண்டு.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாடகம் பழகியபோது எங்களுக்கு வாள் சண்டையொன்று தேவைப்பட்டது. விடுமுறையில் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கித் தந்தையைக் கேட்டேன். முற்றத்தில் விளக்குமாற்றுக் குச்சிகளை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுதும் அவர் சொல்லிக் கொடுத்தார். அன்றுதான் எனக்கு உண்மை தெரிந்தது. நாயகனாக நடித்த இளைஞர்களுக்குச் சண்டையே தெரியாது. எங்கே வெட்டுவது, எப்போது பின்வாங்குவது என்று ஒத்திகையில் சொல்லிக் கொடுத்தவரும், மேடையில் அவர்கள் தடுமாறும்போது தாம் இடறுவது போல் நடித்துக் காப்பாற்றியவரும் என் தந்தையே. "விழும்போது அவனையே பார்த்துக்கொண்டு விழ வேண்டும். நீ வேறெங்காவது பார்த்தால் சனமும் அங்கேதான் பார்க்கும். அவன் பாவம், தனியாக நிற்பான்" என்றார். நம்பியாரைக் கவனித்துப் பார் என்றும் சொன்னார். அவர் அடிவாங்கும் காட்சிகளை அதன்பின் நான் ஒளிநாடாவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். தந்தை சொன்னது சரி. விழும் வரை நம்பியாரின் கண் நாயகரை விட்டு அகல்வதில்லை.

மேலைநாட்டுப் படங்களிலும் இக்கலை உண்டு. 1938இல் வந்த 'இராபின் ஊட்' படத்தில் எரால் பிளின் என்பாரோடு வாள்வீசித் தோற்ற பேசில் இராத்போன், உண்மையில் வாட்பயிற்சியில் தேர்ந்தவர். தெரிந்தவர் தோற்றுக் கொடுத்தார். எங்கள் பள்ளி மாணவர்கள் இன்று சிரம்பானில் உள்ள பேரங்காடித் திரையரங்குகளில் பறக்கும் மனிதரையும் வௌவால் மனிதரையும் பார்த்துவிட்டு வருகின்றனர். அவர்களோடு பேசுவதற்காகவே நானும் சிலவற்றைப் பார்த்தேன். 2008இல் வெளிவந்த 'தி டார்க் நைட்' படத்தில் ஜோக்கராக நடித்த ஈத் லெட்ஜர், படம் வெளிவருமுன்னரே, அவ்வாண்டு சனவரியில் மறைந்துவிட்டார். மறு ஆண்டு சிறந்த துணை நடிகருக்கான ஆசுகார் விருது அவருக்கு வழங்கப்பட்டது. வகுப்பில் எந்தப் பையனைக் கேட்டாலும் வௌவால் மனிதனாக நடித்தவர் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறான். ஜோக்கரைப் போல் நாவைச் சுழற்றிப் பேச மட்டும் அறிந்திருக்கிறான். எங்கள் மண்சாலையில் கேட்ட சிரிப்பு நினைவுக்கு வந்தது.

அதே 2008ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் நம்பியார் காலமானார். செய்தித்தாளில் படத்தோடு வந்திருந்தது. அப்போது தந்தைக்கு எழுபதைக் கடந்த வயது. தோட்டத்தை விட்டு வெளியேறி என்னோடு தாமான் வீட்டில் இருந்தார். எங்கள் திடல் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒளிநாடாவும் தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் வந்தபோதே வெள்ளைத் துணி கட்டுவது நின்றுபோயிருந்தது. திருவிழா நாடகமும் அதனோடு போயிற்று. தந்தை கண்ணாடியை அணிந்துகொண்டு அச்செய்தியை இருமுறை படித்தார். வீரப்பா 1998இலேயே மறைந்துவிட்டதை நினைவூட்டினேன். "தெரியும்" என்றார். பிறகு, "அந்த வருசம் நீ வரவில்லை, அன்றைக்குத்தான் நான் நன்றாகச் செய்தேன்" என்றார். முப்பதாண்டுகள் கழித்து. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்துவிட்டுச் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இன்று அவர் இல்லை. எங்கள் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடும் வழக்கத்தை நான் விடாமல் வைத்திருக்கிறேன். வேடம் பிரிக்கும் நாளில் எல்லாக் கைகளும் அரசனுக்கே உயரும். சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி மட்டும் எழுந்து, "ஐயா, இராசகுரு எனக்கு" என்றாள். இராசகுரு ஆண் அல்லவா என்று பையன்கள் நகைத்தனர். சிரித்துக் காட்டு பார்க்கலாம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில், அடுத்த அறையில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டனர்.